அம்மாவின் நாலாவது அத்தியாயம்

உங்கள் அம்மா ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பாயை விரித்து மல்லாந்து படுத்திருப்பாள். கண் திறந்திருக்கும். மேலே ஃபேன் ஓடும். வீட்டுக்கு வருகிறவர்கள் தூங்குகிறாள் என்று நினைத்து முதலில் குரலைக் குறைப்பார்கள். பிறகு கண் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்லீங்க, வேலையா இருக்கா" என்று சொல்வேன். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் இருவரும் கூச்சல் போட்டால் நான் உங்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் ரயில் பார்க்கப் போய்விடுவேன். அது உங்களுக்கு நினைவிருக்கும். எதற்காகப் போனோம் என்று தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன். கணக்கு விஷயம் எதையாவது நான் தப்பாக எழுதியிருந்தால் அம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் பத்தாவதோடு நிறுத்தியவன். செராமிக் எஸ்டேட்டில் சூளை வேலை. அம்மா எனக்கு மாமன் மகள். கல்யாணத்தின்போது அவள் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். படிப்பை நிறுத்தச் சொல்லக் கூடாது என்று அவளே என்னிடம் நேரில் சொன்னாள். சரி என்றேன். அது இவ்வளவு தூரம் போகும் என்று இரண்டு பேருக்குமே அப்போது தெரியாது. எம்.எஸ்ஸி., எம்.ஃபில். முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, அங்கே எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே பிஎச்.டி. பதிவு செய்தாள். பெரியவள் மூன்றாவது படித்த வருஷம், சின்னவன் பால்வாடி போன வருஷம், அந்த ஆராய்ச்சி முடிகிற கட்டத்துக்கு வந்தது.

எஸ்டேட்டில் டீ குடிக்கும்போது என்னைச் சீண்டுவார்கள். "கணக்குல கண்டுபிடிக்கறதுக்கு இன்னும் என்னா பாக்கி இருக்குது? கூட்டல் கழித்தல் எல்லாம் அப்பவே புக்குல போட்டுட்டாங்களே." இன்னொருத்தர், "இல்லப்பா, இவுரு வூட்டுச் செலவுக் கணக்கு எங்க போவுதுன்னுதான் அவுங்க அஞ்சு வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க" என்பார். நானும் சிரித்துவிடுவேன். பதில் சொல்ல எனக்கே ஒன்றும் தெரியாது. ஒருநாள் அவளிடமே கேட்டேன்.

அவள் இப்படிச் சொன்னாள். விருத்தாசலம் தாலுகா மேப் ஒன்றை நம் வீட்டுத் தரையில் விரித்து வைப்பதாக நினைத்துக்கொள். மேப்பில் நம் வீடும் ஒரு புள்ளியாக எங்கோ இருக்கும். மேப்பை எப்படித் திருப்பிப் போட்டாலும், அதில் ஏதோ ஒரே ஒரு புள்ளி, தான் குறிக்கிற அதே இடத்துக்கு நேர் மேலே இருக்கும். எல்லாப் புள்ளியும் இடம் மாறியிருக்க, அது மட்டும் மாறாது. அதற்குப் பெயர் நிலைப்புள்ளி. எந்த மாதிரி இடங்களில், எந்த மாதிரி விதிப்படி நகர்த்தினால், இப்படி நகராத புள்ளி ஒன்று கட்டாயம் இருந்தே தீரும்? இதுதான் கேள்வி. மேப் விஷயம் பழையது, தெரிந்தது. அவள் பார்த்தது கண்ணால் பார்க்க முடியாத இடங்கள். முடிவில்லாத எண்ணிக்கையில் திசைகள் உள்ள வெளிகள். ஞாயிற்றுக்கிழமை பாயில் படுத்தபடி அவள் யோசித்தது இவற்றைத்தான். அவற்றைப் பற்றி உலகத்தில் பல ஊர்களில் இப்போதும் புதிது புதிதாகக் கட்டுரை எழுதுகிறார்கள். அதை இவள் கடைத்தெரு பிரௌசிங் சென்டரில் இறக்கி, பிரிண்ட் எடுத்து, சோறு வடித்துக்கொண்டே படிப்பாள். கஞ்சி பட்ட தாள்கள் இன்னும் பரண் மேல் இருக்கின்றன.

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. அதைப் படித்துப் பார்த்த இரண்டு தேர்வாளர்களும் சரி என்று எழுதிவிட்டார்கள். ஒருவர் வெளிநாடு. ஒருவர் பக்கத்து மாநிலம். இனி மிச்சம் வைவா மட்டும். பல்கலைக்கழகத்தில் எல்லார் முன்னாலும் நின்று, என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். நம் பக்கத்தில் இதைக் கிட்டத்தட்ட ஒரு விசேஷம் மாதிரிதான் நடத்துவார்கள். சொந்தக்காரர்கள் வேனில் போவார்கள். பழத்தட்டு, பொன்னாடை, மதியம் வாழை இலைச் சாப்பாடு. கடைசியில் தேர்வாளர் எழுந்து "டாக்டர்" என்று பெயருக்கு முன்னால் சேர்த்துக் கூப்பிடுவார், எல்லாரும் கைதட்டுவார்கள்.

இந்த ஏற்பாடு முழுவதையும் திட்டக்குடியில் உரக்கடை வைத்திருக்கும் உங்கள் மாமா, அம்மாவுக்கு அண்ணன், தானே எடுத்துக்கொண்டார். வேன் சொல்லியாயிற்று. சமையல்காரரிடம் பேசியாயிற்று. பொன்னாடை என்ன நிறம் என்பதற்கு மட்டும் எனக்கு நாலு தடவை போன் செய்தார்.

வைவாவுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் அம்மா கல்லூரியிலிருந்து வந்தாள். தோள் பையைக் கழற்றவில்லை. நேராக அலமாரிக்குப் போய், நீல அட்டை போட்ட ஆய்வேட்டை எடுத்து, நின்றபடியே பிரித்தாள். நான் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்னாச்சு?"

"இருங்க."

பக்கங்களைப் புரட்டினாள். ஒரு இடத்தில் விரலை வைத்து நின்றுவிட்டாள். சின்னவன் புடவையைப் பிடித்து இழுத்தான். அவள் குனியவில்லை.

"தப்பா இருக்குதுங்க."

"எழுத்துப் பிழையா? வொயிட்னர் போட்டுக்கலாம்."

"எழுத்துப் பிழை இல்ல. தேற்றமே தப்பு."

அன்று வகுப்பில் நடந்ததைப் பிறகு சொன்னாள். போர்டில் ஒரு தேற்றத்தை முழுதாக நிரூபித்துவிட்டு, அடுத்ததற்கு "இதேபோல் நிரூபிக்கலாம்" என்று ஒரு வரி எழுதி முடித்திருக்கிறாள். கணக்குக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்களாம். செய்ததையே திரும்பச் செய்து எதற்குத் தாளை வீணாக்க வேண்டும் என்று. கம்மாபுரம் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஒரு பெண் எழுந்து, "மேடம், மொத ஸ்டெப்பு இங்க எப்படி வரும்? அங்க ஒரு கண்டிஷன் இருந்துச்சே, இங்க அது இல்லியே" என்று கேட்டிருக்கிறாள்.

"சரி, போட்டுப் பாப்போம்" என்று அம்மா போர்டில் ஆரம்பித்தாள். வரவில்லை. அந்தப் பெண் சொன்னது சரி. அந்தக் கண்டிஷன் இல்லாவிட்டால் தேற்றம் நிற்காது. உடனே நிற்காததற்கு ஒரு உதாரணமும் எழுதிக் காட்டினாள். வகுப்பு முடிந்தது, மணி அடித்தது, பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஸ்டாஃப் ரூமுக்கு நடந்து வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயத்திலும் அதே மாதிரி ஒரு "இதேபோல்" இருக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில் அந்தக் கண்டிஷனோடு ஒழுங்காக நிரூபித்திருந்தாள். நாலாவதில் இன்னும் விரிந்த வெளிகளுக்குப் போனபோது, கண்டிஷனை விட்டுவிட்டு, "இதேபோல்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டாள். அந்த நாலாவது அத்தியாயத்துத் தேற்றம்தான் ஆய்வேட்டிலேயே பெரியது. அட்டையில் இருக்கிற தலைப்பே அதுதான்.

எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். அவள் சமையலறையிலிருந்து டம்ளர்களையும், நான் எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த, சின்னக் குறைக்காக ஒதுக்கிய செகண்ட்ஸ் கோப்பைகளையும் எடுத்து வந்து தண்ணீர் ஊற்றிப் பாயில் வரிசையாக வைத்தாள்.

"இந்த வரிசை முடியாம போயிகிட்டே இருக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொண்ணுலயும் தண்ணி. எவ்வளவு வேணா இருக்கலாம். ஒரே ஒரு சட்டம்தான். தூரம் போகப் போக தண்ணி கொறைஞ்சுகிட்டே போயி ஒண்ணுமில்லாம ஆவணும். அந்த மாதிரி வரிசைங்கதான் இங்க செல்லும்."

"சரி."

"இப்ப எல்லாத்தையும் ஒரு எடம் தள்ளி வெச்சுட்டு, முன்னாடி தளும்பத் தளும்ப ஒரு கோப்பைய வெக்கிறேன். புது வரிசையும் சட்டத்துக்கு உட்பட்டதுதான். சரியா? இப்ப சொல்லுங்க. இப்படித் தள்ளியும் மாறாம அப்படியே இருக்குற வரிசை எது?"

நான் யோசித்தேன். முதல் கோப்பை ரொம்பியிருக்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வைத்தது ரொம்பியது. மாறவில்லை என்றால் பழைய முதல் கோப்பையும் ரொம்பியதுதான். அது இப்போது இரண்டாவது இடத்தில் இருக்கிறது. அப்படியானால் இரண்டாவதும் ரொம்பியது, மூன்றாவதும்.

"எல்லாமே ரொம்பியிருக்கணும்" என்றேன்.

"அது சட்டப்படி செல்லுமா?"

செல்லாது. தூரம் போகப் போகக் குறைய வேண்டுமே. ஆக, நகராத வரிசை என்று ஒன்று கிடையவே கிடையாது.

"என் தேற்றம், உண்டுன்னு சொல்லுது" என்றாள். "இந்த உதாரணம் எனக்குப் புதுசு இல்லீங்க. வருஷா வருஷம் நானே நடத்துறேன். என் தேற்றத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும்னு தோணவே இல்ல."

சின்னவன் அதற்குள் இரண்டு டம்ளரைக் கவிழ்த்துவிட்டான். பாய் நனைந்துபோயிற்று.

மறுநாள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு சாரிடம் போனாள். அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாராம். பிறகு, "ரெண்டு பேரு படிச்சுட்டு ஓகேன்னுட்டாங்க. நானும் படிச்சேன். மூணு பேரு கண்ணுலயும் படல" என்றாராம். வைவாவைத் தள்ளிவைக்கலாமா என்று இவள் கேட்டிருக்கிறாள். தள்ளிவைத்தால் தேர்வாளர் தேதி திரும்பக் கிடைக்காது, அதற்குள் தனக்கு ஓய்வு வந்துவிடும், வேறு கைடு பார்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். "சொல்லாம விட்டா அன்னிக்கே பட்டம். சொன்னா என்னா ஆவும்னு எனக்குத் தெரியாதும்மா. நான் சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதேன்னும் சொல்ல மாட்டேன்."

அந்த வாரம் அவள் ஓட்டையை அடைக்கப் பார்த்தாள். காலையில் கேஸ் பற்றவைத்துவிட்டு அடுப்பைப் பார்க்காமல் நின்றாள். பால் இரண்டு நாள் பொங்கி வழிந்தது. பழைய தாள்களின் பின்பக்கம் முழுக்க எழுதினாள். முழுத் தேற்றத்தைக் காப்பாற்ற வழியே இல்லை, உதாரணம் குறுக்கே நிற்கிறது. வெளிகளுக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை போட்டால் சின்னதாக ஒரு தேற்றம் தேறும். அது ஆய்வேடு என்று சொல்லப் போதுமா என்பதுதான் தெரியவில்லை.

விஷயம் தெரிந்து மாமா திட்டக்குடியிலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"ஏன் பாப்பா, வெளிநாட்டுக்காரனே சரின்னு கையெழுத்துப் போட்டுட்டான். நீ ஏன் போயி தப்பு தப்புன்னு தம்பட்டம் அடிக்கிற?"

"தப்பா இருக்குதுண்ணா."

"இருந்துட்டுப் போவுது. பாலமா இடிஞ்சு வுழப் போவுது? கணக்குதானே. அலமாரில தூங்கப்போற புக்கு. எவன் எடுத்துப் படிக்கப் போறான்?"

"எவனும் படிக்காததுக்காகவா நான் அஞ்சு வருஷம் எழுதுனேன்?"

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்களாவது சொல்லுங்க. வேன் சொல்லியாச்சு. மங்கலம்பேட்டை சித்தப்பா சவுதியிலேர்ந்து லீவுல வந்தவரு, இதுக்காகவே பயணத்தைத் தள்ளிப் போட்டிருக்காரு."

சூளையில் ஒரு லோடு கெட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியும். கெட்டதை ஒதுக்கிப் போட்டுவிடலாம். இது அப்படியில்லை. பார்த்தால் நல்ல நீல அட்டை, பொன் எழுத்து. "அவதான் மச்சான் எழுதுனா. அவ சொல்றதுதான்" என்றேன்.

"நல்லா சொன்னீங்க போங்க" என்று ஹெல்மெட்டைக் கழற்றினார். "டீயாவது குடுப்பீங்களா, அதுலயும் தப்பு இருக்குதா?"

அம்மா சிரித்துவிட்டாள். ஆனால் அண்ணனிடம் திரும்பி இதை மட்டும் சொன்னாள்: "அண்ணா, என் தேற்றத்த நம்பி இன்னொருத்தர் மேல மேல எழுதுவாங்க. அவுங்களும் என்னை மாதிரி அஞ்சு வருஷம் ஒக்காருவாங்க. அதை நெனச்சா எனக்கு சோறு எறங்கல."

வைவா அன்று வேன் நிறைய ஆள். நீங்கள் இருவரும் புது உடுப்பில் என் மடியில் இருந்தீர்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து யாரோடும் பேசவில்லை. என்ன செய்யப்போகிறாள் என்று கடைசிவரை எனக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஹாலில் முன் வரிசையில் பக்கத்து மாநிலத் தேர்வாளர், கைடு சார், துறைத்தலைவர். பின்னால் மற்ற ஆய்வு மாணவர்கள். அவர்களுக்குப் பின்னால் பழத்தட்டோடு நாம். அம்மா இங்கிலீஷில் பேசினாள். போர்டில் எழுதுவதை வைத்து நான் பின்தொடர்ந்தேன். முதல் மூன்று அத்தியாயம் முடிந்தது. நாலாவதன் தலைப்பை எழுதினாள். பிறகு சுண்ணாம்புக்கட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி ஏதோ சொன்னாள். ஹாலில் ஒரு அசைவு ஏற்பட்டது. தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மேஜையில் இருந்த ஆய்வேட்டைப் பிரித்தார்.

அம்மா போர்டில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வரிசையாக எழுதினாள். எல்லாம் ரொம்பிய அந்தக் கோப்பை வரிசை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் மேல் பெரிதாக ஒரு குறுக்குக்கோடு போட்டாள்.

தேர்வாளர் ஆய்வேட்டில் அந்த இடத்தைத் தேடிப் படித்தார். பிறகு கைடு சாரிடம் குனிந்து சொன்னார். அதைக் கேட்டு, எனக்கு முன்னால் இருந்த மாணவர் ஒருவர் தமிழில் சொன்னார்: "நானும் இந்த வரியத் தாண்டித்தான் போயிருக்கேன்கிறாரு." அடுத்து தேர்வாளர் அம்மாவிடம் நேராகக் கேட்டார். இந்தத் தேற்றம் போனால் உன்னிடம் என்ன மிச்சம்? அம்மா கூடுதல் நிபந்தனையோடு உள்ள சின்னத் தேற்றத்தை எழுதி, அதை நிரூபித்தாள். இந்தத் தடவை "இதேபோல்" என்று எங்கும் எழுதவில்லை. போர்டில் இடம் போதாமல் அழித்து அழித்து எழுதினாள்.

எங்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார்கள். அம்மாவையும்தான். உள்ளே மூன்று பேர் மட்டும். வராந்தாவில் சொந்தக்காரர்கள் என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றார்கள். சவுதி சித்தப்பா என் காதருகே, "பாஸா ஃபெயிலா?" என்றார். மாமா வாசலில் இருந்த சமையல்காரரைப் பார்த்துவிட்டு வந்து, "மாப்ள, சாம்பார் எறக்கியாச்சாம். பட்டம் குடுக்கறாங்களோ இல்லியோ, எலைய போட்டுடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அம்மா தூணில் சாய்ந்து நின்று, கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. தேர்வாளர் வராந்தாவுக்கே வந்து இங்கிலீஷில் சொன்னார், அந்த மாணவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். இன்றைக்குப் பட்டம் இல்லை. ஆய்வேட்டை நிராகரிக்கவும் இல்லை. நாலாவது அத்தியாயத்தைத் திருத்தி, தலைப்பை மாற்றி, அந்த உதாரணத்தையும் உள்ளே சேர்த்துத் திரும்ப அனுப்ப வேண்டும். தானும் வெளிநாட்டுக்காரரும் மறுபடி வரி வரியாகப் படிப்பார்கள். இன்னொரு வைவா நடக்கும். கைடு சார் பக்கம் திரும்பி, நீங்கள் ஓய்வு பெறுவதற்குள் நான் வருகிறேன் என்றார்.

கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. மாமாதான் முதலில் அசைந்தார். பொன்னாடையை எடுத்துப் பிரித்து, "சார், இது உங்களுக்குன்னு வாங்கினது. திருப்பிக் குடுத்தா கடைக்காரன் எடுத்துக்க மாட்டான்" என்று தேர்வாளர் தோளில் போட்டுவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. கும்பிட்டார். அப்போதுதான் எல்லாரும் தட்டினார்கள். சாப்பாட்டில் அம்மா இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த வாரத்தில் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அதன்பின் சில மாதங்கள் அந்த வேலை ஓடியது. கல்லூரியில் சிலர் அவள் ஃபெயில் ஆகிவிட்டாள் என்று பேசினார்கள். அவள் காதிலும் விழுந்தது. கேள்வி கேட்ட பெண்ணின் பெயரை ஆய்வேட்டு முன்னுரையில் நன்றி என்று சேர்த்தாள். அந்தப் பெண் பயந்துபோய், "மேடம், என்னாலதான் உங்களுக்கு லேட்டாச்சுன்னு ஆயிடும், எடுத்துடுங்க" என்று கெஞ்சினாளாம். எடுக்கவில்லை.

இரண்டாவது வைவாவுக்கு வேன் இல்லை. நானும் அவளும் பஸ்ஸில் போனோம். உங்களை மாமா வீட்டில் விட்டிருந்தோம். தேர்வாளர் வந்தார். திருத்திய அத்தியாயத்தில் அவர் வரிக்கு வரி பென்சிலால் குறி போட்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். அதை அம்மா பிறகு எனக்குச் சொன்னாள். நீ கூடுதலாக ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாயே, அது கட்டாயம் வேண்டுமா, அதைவிடக் குறைவாகப் போட்டாலும் தேற்றம் நிற்குமா?

"தெரியாது சார்" என்றாள். "முயற்சி பண்ணிப் பார்த்தேன். நிற்கும்னும் காட்ட முடியல, நிற்காதுன்னு உதாரணமும் கெடைக்கல."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து, அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் சேர்த்துக் கூப்பிட்டார். ஹாலில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். நான் கொஞ்சம் சத்தமாகவே தட்டிவிட்டேன் போலிருக்கிறது, முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டாக்டர் ஆயிட்ட. இனிமே ஞாயித்துக்கெழமை சும்மா இருப்பியா?" என்று கேட்டேன்.

"அந்த மனுஷன் கேட்டதுக்கு பதிலே இல்லீங்களே" என்றாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் வைத்தாள். பஸ் குலுங்குவதில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது அவள் கவனிக்கவில்லை. இரண்டு பேருக்கும் நான் எடுத்தேன்.